சித்திரக்காரர் சம்சாரம்

மாடிப் போர்ஷன் அக்கா சென்ற வாரம் ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருத்தி வாசற்படியில் வந்து உட்கார்ந்தால், ஒன்று சர்க்கரை கேட்க வந்திருப்பாள், இல்லாவிட்டால் யோசனை கேட்க வந்திருப்பாள். சர்க்கரையாக இருந்தால் கவலையே இல்லை. டம்ளரில் போட்டுக் கொடுத்து விடலாம். அக்கா கையில் டம்ளர் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது.

"பிரிச்சுப் பாரு" என்றாள்.

அட்டையில் 'ரசாயனம்' என்று எழுதியிருந்தது. உள்ளே இரண்டு பக்கம் ரசாயனம், மற்றதெல்லாம் சித்திரம். வாயைத் திறந்து கொண்டு தூங்கும் பாட்டி, கைப்பிடிச் சுவர் மேல் பூனை, தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் குடங்கள். குடங்களை எழுதியிருந்த அழகைச் சொல்ல வேண்டும். எந்தக் குடம் யார் வீட்டுக் குடம் என்று எனக்கு அடையாளம் தெரிந்தது!

பையன் பன்னிரண்டாம் வகுப்பு. எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில்தான் சேருவேன் என்று பிடிவாதமாக நிற்கிறான். தகப்பனார் பி.காம். படித்துவிட்டு பாங்குப் பரீட்சை எழுது என்கிறார். நாலு நாளாக வீட்டில் அப்பாவும் பிள்ளையும் பேசிக் கொள்வதில்லையாம். இரண்டு பேருக்கும் நடுவே சாதத்தையும் சமாசாரத்தையும் எடுத்துக் கொண்டு போய்க் கொடுப்பவள் அக்காதான்.

"நீ பத்திரிகை ஆபீஸிலே இருக்கிறவ. படம் போடுறவங்களைத் தினம் பார்க்கிறே. நீயே சொல்லும்மா. படம் போட்டுக் குடும்பம் நடத்த முடியுமா?"

நான் ஏதோ சமாளித்தேன். திறமை இருந்தால் முன்னுக்கு வரலாம், காலம் மாறிவிட்டது என்றெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அக்கா தலையை ஆட்டினாள். நம்பவில்லை என்பது ஆட்டிய விதத்திலேயே தெரிந்தது.

நல்ல வேளையாக அப்போது நான் படித்துக் கொண்டிருந்த புத்தகம் இந்த விஷயத்தைப் பற்றியதுதான். பிரெஞ்சு ஓவியர் கமீல் பிஸ்ஸாரோ தம் மூத்த மகன் லூசியனுக்கு எழுதிய கடிதங்கள். 1883-ல் மகன் லண்டனுக்குப் பிழைக்கப் போனதிலிருந்து 1903-ல் தகப்பனார் கண்ணை மூடும் வரை இருபது வருஷக் கடிதங்கள். வர்ணம், ஒளி, கலை என்று உயரத்தில் போய்க் கொண்டே இருக்கும். திடீரென்று அடுத்த வரியில் வீட்டு வாடகை வந்து நிற்கும். குழந்தைக்கு இருமல் என்றால் எந்த ஹோமியோபதி உருண்டை கொடுக்கலாம் என்ற யோசனை கூட உண்டு. மனிதருக்கு ஹோமியோபதியில் அபார நம்பிக்கை. நம் ஊரிலும் அப்படிப்பட்ட தாத்தாக்கள் தெருவுக்கு ஒருவர் இருந்ததில்லையா? அவர்களுடைய நீண்ட வெண்தாடி கூட இவருக்கு உண்டு.

ஆனால் புத்தகத்தைப் படிக்கப் படிக்க எனக்கு அவரைவிட இன்னொருவர் மேல்தான் கவனம் போயிற்று. அவருடைய மனைவி ஜூலி. இந்தக் கதையை அவளை வைத்துத்தான் சொல்லப் போகிறேன்.

பிஸ்ஸாரோ பிறந்தது பிரான்ஸில் அல்ல. 1830-ல், மேற்கிந்தியத் தீவுகளில் அப்போது டென்மார்க்குக்குச் சொந்தமாயிருந்த செயின்ட் தாமஸ் தீவில். தகப்பனார் வியாபாரி. பாரிஸுக்கு அனுப்பிப் படிக்க வைத்துவிட்டு, பதினேழாம் வயதில் திரும்ப அழைத்துக் கடையில் உட்கார்த்தினார். பிள்ளைக்குக் கணக்குப் புத்தகத்தில் மனம் ஒட்டவில்லை. துறைமுகத்தில் சரக்கு இறங்கும்போது, மூட்டையை எண்ணாமல் மூட்டை தூக்குகிறவர்களைச் சித்திரமாக எழுதிக் கொண்டிருந்தார். 1852-ல் ஒரு டேனிஷ் ஓவியரோடு வெனிசூலாவுக்குப் போய்விட்டார். பிறகு பெற்றோர் ஒருவாறு மனம் இறங்க, 1855-ல் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். வீட்டிலிருந்து பணமும் வந்து கொண்டிருந்தது. இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

ஜூலி வெல்லே பர்கண்டிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். திராட்சைத் தோட்டத்தில் பாடுபட்ட குடும்பம். பிழைப்புக்காகப் பாரிஸ் வந்தவள், பிஸ்ஸாரோவின் பெற்றோர் வீட்டில் சமையற்கட்டு வேலைக்கு அமர்ந்தாள். அப்புறம் நடந்ததை நம் தொடர்கதை ஆசிரியர்கள் எத்தனையோ முறை எழுதிவிட்டார்கள். வீட்டுப் பிள்ளைக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கும் காதல். தாயார் முடியவே முடியாது என்றாள். 1863-ல் லூசியன் பிறந்தான். கல்யாணம் 1871-ல்தான் நடந்தது. அதுவும் சொந்த ஊரில் இல்லை. யுத்தத்துக்குப் பயந்து லண்டனுக்கு ஓடியிருந்த சமயம், க்ராய்டனில் ஒரு பதிவாளர் அலுவலகத்தில்.

அந்த யுத்தம் அவர்களை என்ன செய்தது என்று கேளுங்கள். 1870-ல் பிரஷ்யப் படை பாரிஸை நோக்கி வந்தபோது, அவர்கள் குடியிருந்த லூவ்சியேன் வீட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். அந்த ஓட்டத்தில் பிறந்த பெண் குழந்தை சில வாரங்களில் இறந்து போயிற்று. திரும்பி வந்து பார்த்தால், வீட்டில் தங்கியிருந்த சிப்பாய்கள் தோட்டத்துச் சேற்றில் கால் படாமல் நடப்பதற்கு அவருடைய கான்வாஸ்களைப் பரப்பியிருந்தார்களாம். இருபது வருஷ வேலை, ஏறக்குறைய 1,500 படங்கள். மிஞ்சியவை சுமார் 40 என்று சொல்கிறார்கள்.

நாற்பத்தொரு வயதில் மனிதர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் ஆரம்பித்ததை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். குடித்தனத்தையும் யாரோ முதலிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டுமல்லவா?

பிறகு 1874. மோனே, ரெனுவார், தெகா, பிஸ்ஸாரோ முதலானவர்கள் சேர்ந்து, அரசாங்கக் கண்காட்சியை நம்பாமல் தாங்களே பாரிஸில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். 'இம்ப்ரஷனிஸ்ட்' என்ற பெயர் பரிகாசமாகப் பிறந்தது அங்கேதான். அதைப் பற்றிப் புத்தகங்கள் மலை மலையாக இருக்கின்றன. கண்காட்சி திறந்த நாள் ஏப்ரல் 15. அதே ஏப்ரலில், அதற்குச் சில நாள் முன்புதான் மினெட் என்று செல்லமாக அழைத்த அவர்களுடைய பெண் இறந்து போயிருந்தாள். ஜூலி அப்போது ஆறு மாத கர்ப்பிணி.

கண்காட்சி முடிந்து கணக்குப் பார்த்தபோது, லாபத்துக்குப் பதிலாக ஆளுக்கு 184 பிராங்கு 50 சென்டிம் கடன் நின்றது.

மினெட்டை அவர் எழுதிய படங்களில் ஒன்று ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் மியூசியத்தில் இருக்கிறது. கையில் விசிறியோடு உட்கார்ந்திருக்கிறாள். மெலிந்த முகம், சிரிக்கவில்லை. அச்சுப் படமாகப் பார்த்தால் கூடப் பக்கத்தைச் சட்டென்று புரட்ட முடியாது.

அந்த நாட்களில் படம் எப்படி விலை போயிற்று என்பதற்கு ஒரு கதை வழங்குகிறது. பாரிஸில் ம்யூரர் என்று ஒரு மிட்டாய்க் கடைக்காரர். ஓவியர்களிடம் அபிமானம் உள்ளவர். பணமும் கொடுப்பார், பலகாரமும் கொடுப்பார். பிஸ்ஸாரோவுக்கு உதவியாக ஒரு முறை அவர் படத்தைக் குலுக்கலில் வைத்தாராம். பரிசு அந்தப் பக்கத்து வேலைக்காரப் பெண் ஒருத்திக்கு விழுந்தது. அவள் படத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதற்குப் பதிலாக ஒரு கிரீம் பன் கொடுத்து விடுங்களேன்" என்றாளாம். நாம் சிரிக்கிறோம். ஜூலி சிரித்திருப்பாளோ என்னவோ! பசிக்கிற குழந்தைகளை வைத்துக் கொண்டிருக்கிறவளுக்கு அந்தப் பெண்ணின் நியாயம் சட்டென்று புரிந்திருக்கும்.

எட்டுக் குழந்தைகள் பிறந்தன. 1884-ல் பாரிஸை விட்டுத் தள்ளி எரான்யி என்ற கிராமத்தில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்தார்கள். பெரிய தோட்டம். ஜூலி காய்கறி போட்டாள், கோழி வளர்த்தாள், முயல் வளர்த்தாள். வீட்டில் அடுப்பு எரிந்தது பெரும்பாலும் அந்தத் தோட்டத்தால்தான். பிஸ்ஸாரோ அந்தத் தோட்டத்தையும் படமாக எழுதினார். முட்டைக்கோசுப் பாத்தி, துணி உலர்த்தும் பெண், சந்தையில் கோழி விற்கிறவள். அவருடைய புகழுக்குக் காரணமான விஷயங்களில் பாதி ஜூலியின் வேலை நேரத்தில் நடந்தவை என்று நான் சொன்னால், கலை விமர்சகர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

நிலைமை சற்றுச் சீராகும் போலிருந்த சமயத்தில் மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஐம்பத்தைந்து வயதில், ஸீரா என்ற இருபத்தாறு வயது இளைஞரின் புது முறையைக் கைக்கொண்டார். தூரிகையால் தீட்டாமல், புள்ளி புள்ளியாக வர்ணம் வைத்துப் படத்தை நிரப்பும் முறை. கிட்டப் போனால் புள்ளிக் கூட்டம். தள்ளி நின்றால் வயலும் மரமும். பாராட்ட வேண்டிய துணிச்சல்தான். ஆனால் ஒரு படம் முடிய மாதக் கணக்கு ஆகும். வழக்கமாக வாங்குகிற வியாபாரிக்கும் புள்ளி பிடிக்கவில்லை. 1886 முதல் நாலைந்து வருஷம் இப்படி ஓடிற்று. கடைசியில் இந்த முறை தம் சுபாவத்துக்கு ஒத்து வரவில்லை என்று அவரே விட்டுவிட்டார். பரீட்சை செய்ய ஓவியருக்கு உரிமை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அந்தப் பரீட்சைக்கு ஃபீஸ் கட்டியது யார் என்றுதான் நான் கேட்கிறேன்.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருகிறேன்.

அதே கேள்வி எரான்யி வீட்டிலும் எழுந்தது. ஒரு முறை இல்லை, ஐந்து முறை. ஐந்து பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராகப் பென்சிலை எடுத்தார்கள். குழந்தைகளாகச் சேர்ந்து வீட்டிலேயே 'கிஞ்ஞோல்' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை கூட நடத்தினார்கள், படமெல்லாம் அவர்களே. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. லண்டனில் இருந்த லூசியனுக்குக் கடிதத்துக்குக் கடிதம் ஒரே உபதேசம்: தினமும் எழுது, எளிய பொருளை எழுது, கண்ணை நம்பு, அவசரப்படாதே. ஜூலியோ ஒரே பிடியாக நின்றாள். ஒரு தொழில் கற்றுக் கொள்ளட்டும், சம்பளம் வரட்டும், படம் அதற்குப் பிறகு. இதனால் வீட்டில் சண்டை. கடிதங்களில் பல இடங்களில் அந்தச் சண்டையின் புகை அடிக்கிறது.

பிஸ்ஸாரோவைப் பற்றி எழுதியவர்களில் சிலர் ஜூலியை ஒரு மாதிரிதான் எழுதுகிறார்கள். ஓயாமல் புலம்புகிறவள், கலை தெரியாதவள், மகானுக்கு வாய்த்த மனைவி என்ற தோரணை. எனக்கு அதில் சம்மதமில்லை. மேலே ஒன்றை ஞாபகம் வைத்துக் கொள்ளச் சொன்னேனே, பாருங்கள். பிஸ்ஸாரோ கடையை விட்டு ஓடியபோது அவருக்குப் பின்னால் அப்பாவின் பணம் இருந்தது. அவர் பிள்ளைகளுக்குப் பின்னால் இருந்தவை முயலும் முட்டைக்கோசும்தான். இந்த வித்தியாசம் ஓவியருக்குத் தெரியவில்லை. அடுப்படியில் நின்றவளுக்குத் தெரிந்தது.

அதற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் எனக்கு மனம் வரவில்லை. கடையில் உட்கார்ந்து மூச்சு முட்டிய ஒரு மனிதர் தம் பிள்ளைகளைப் பிடித்துக் கடையில் உட்கார்த்துவாரா? தம்முடைய படம் பார்த்த உடனே பிடிக்கக் கூடியது அல்ல, மெள்ள மெள்ளத்தான் பிடிக்கும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. அப்படியே எழுதியும் இருக்கிறார். தெரிந்தும் வேறு மாதிரி எழுத அவரால் முடியவில்லை. செஸானும் கோகெனும் அவரிடம் வந்து பாடம் கேட்டார்கள் என்றால் சும்மாவா?

ஒரு இளம் ஓவியருக்கு அவர் சொன்ன யோசனை ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. படத்தில் ஒரு மூலையை முடித்துவிட்டு இன்னொரு மூலைக்குப் போகாதே; வானம், தண்ணீர், கிளை, தரை எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கவனித்துக் கொண்டு, எல்லாவற்றையும் சேர்த்தே முன்னுக்குக் கொண்டு போ என்றாராம். படித்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலை ஏழு மணிக்கு ஒரு அடுப்பில் குழம்பு, ஒரு அடுப்பில் பால், பக்கத்தில் சாப்பாட்டு டப்பா, காது மட்டும் வாசலில் தண்ணீர்க்காரன் குரலுக்கு என்று நிற்கும் நமக்கு இது ஒரு புது வித்தையா?

1892-ல் எரான்யி வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். அப்போது பிஸ்ஸாரோ லண்டனில் இருந்தார். அங்கே பூங்காவையும் மரங்களையும் எழுதிக் கொண்டிருந்தார். எட்டு வருஷம் பாடுபட்டு ஆக்கிய தோட்டம் கையை விட்டுப் போகப் பார்க்கிறது. ஜூலி என்ன செய்தாள்? புருஷன் வரும் வரை காத்திருக்கவில்லை. நேரே மோனேயிடம் போய்க் கடன் கேட்டாள்.

மோனே பழைய சிநேகிதர். எரான்யி வழியாக ஓடும் அதே எப்த் நதி ஓரத்தில், கீழே ஜிவெர்னியில் குடியிருந்தவர். அதற்குள் அவருக்கு நல்ல காலம் பிறந்து விட்டிருந்தது. பதினைந்தாயிரம் பிராங்கு கொடுத்தார். வீடு சொந்தமாயிற்று. அதிகம் படிக்காதவள், கடிதம் எழுதினால் எழுத்துப் பிழை மலிந்தவள், ஒரு காலத்தில் பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கியவள், தேசத்தின் பெரிய ஓவியர் ஒருவரிடம் போய் நின்று 'எங்களுக்கு வீடு வேண்டும்' என்று கேட்டிருக்கிறாள். விஷயம் லண்டனுக்கு எட்டியபோது கணவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

அடுத்த வருஷம் அந்த வீட்டுக் களஞ்சியத்தை இடித்துத் திருத்தி அவருக்கு வெளிச்சமான ஓவிய அறை ஆக்கினார்கள். வீடு வாங்கக் கடன் கேட்டவள் ஒருத்தி. ஓவிய அறை கிடைத்தது ஒருவருக்கு. சம்சாரம் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது!

கடைசிக் காலத்தில் அவருக்குக் கண் உபத்திரவம். கண்ணீர்ப் பையில் சீழ் கோத்துக் கொள்ளும். காற்றும் தூசியும் ஆகாது. வெளியே நின்று எழுத முடியாதவர், ஹோட்டல் மாடியில் அறை எடுத்து மூடின ஜன்னல் வழியாகத் தெருவை எழுதினார். 1897-ல் பாரிஸில் மோன்மார்த்ர் சாலையை மட்டும் பதினான்கு தடவை எழுதினார். காலை, மழை, பனி, ராத்திரி என்று. அவற்றில் ஒரு படம் 2014-ல் லண்டனில் ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் பவுனுக்கு மேல் ஏலம் போயிற்று. கிரீம் பன் கேட்ட பெண்ணை நினைத்துக் கொண்டேன்.

அதே 1897 நவம்பரில் மூன்றாவது மகன் பெலிக்ஸ் லண்டனில் காசநோயால் இறந்தான். வயது இருபத்து மூன்று. மினெட் போன வருஷத்தில் ஜூலி வயிற்றில் இருந்த குழந்தை அவன்தான். நல்ல கை என்று தகப்பனார் நம்பியிருந்த பிள்ளை. லூசியனுக்கு அவர் எழுதினார்: வேலை செய்வோம், காயத்துக்குக் கட்டு அதுதான் என்ற பொருளில். சொன்னபடியே டிசம்பரில் லூவ்ர் ஹோட்டலில் அறை எடுத்து, ஓபரா அவென்யூவை எழுத ஆரம்பித்துவிட்டார். அருமையான படங்கள்.

ஜூலிக்கு ஓவியம் எழுதத் தெரியாது.

பிஸ்ஸாரோ 1903 நவம்பரில் காலமானார். ஜூலி 1926 வரை இருந்தாள். மிச்சமிருந்த பிள்ளைகள் நால்வரும் ஓவியர்களாகவே நிலைத்தார்கள். லூசியன் தன் மனைவி எஸ்தருடன் சேர்ந்து லண்டனில் ஓர் அச்சகம் வைத்து, மரக்கட்டைச் சித்திரங்களோடு அழகழகான புத்தகங்கள் போட்டான். அச்சகத்துக்கு என்ன பெயர் தெரியுமா? எரான்யி! அவர்களுடைய ஒரே பெண் ஒரோவிடாவும் ஓவியர். முகலாயச் சித்திரங்களிலும் சீனச் சித்திரங்களிலும் மனத்தைப் பறிகொடுத்து, தாத்தா பாணியைத் தொடாமல் புலியும் குதிரையும் எழுதினாள். பிஸ்ஸாரோ என்ற பெயரின் நிழலே வேண்டாம் என்று, படத்தில் 'ஒரோவிடா' என்று மட்டுமே கையெழுத்திட்டாள்.

கடைக்குட்டி போல் எமிலை மட்டும் ஜூலி விடவில்லை. கணவர் போன பிறகு, இவனாவது ஒரு தொழில் கற்கட்டும் என்று ஒரே உறுதியாக இருந்து, மோட்டார் மெக்கானிக் வேலைக்கு அனுப்பினாள். வெற்றி என்றுதான் நினைத்திருப்பாள். அவனும் சில வருஷம் மோட்டாரைப் பார்த்துவிட்டு, கடைசியில் தூரிகைக்கே திரும்பி விட்டான்!

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்தபடியே கேட்டாள். மோனேயிடம் கடன் கேட்ட இடத்தில் மட்டும் கை நின்றது. "கேட்டாளா? அவளே போயா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டினேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஜூலி தைத்துக் கொண்டிருக்கும் படம். அதுவும் ஆக்ஸ்போர்டில் இருப்பதுதான். தலை குனிந்திருக்கிறது, கண் தையலில் இருக்கிறது, எழுதுகிறவரை அவள் பார்க்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் மேலே விழுகிறது. அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக் கொண்டு புத்தகத்தை வாங்கினாள். வெகு நேரம் பார்த்தாள். பையனுடைய நோட்டைக் கூட அவள் இப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"இத்தனையும் எழுதி முடிக்கிற வரைக்கும் அசையாமே உட்கார்ந்திருந்திருக்கா பாரு" என்றாள். "அடுப்பிலே என்ன இருந்ததோ."